கேள்வித்தாள் முதல் தரவுக்கோப்பு வரை: வீட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்பவர்களிடம் ஆய்வு செய்யும் முறை

படுத்த படுக்கையான மாமியாரையோ மறதி நோய் வந்த அப்பாவையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றி சமூகப்பணி, செவிலியம், உளவியல் துறைகளில் ஆய்வேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. முடிவு சரியாக வரவில்லை என்றால் பலர் புள்ளியியலைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்: ஒன்று கேள்வியின் தமிழில், இல்லையென்றால் கணினிக் கோப்பில். அதனால் இங்கே அந்த இரண்டுக்கும்தான் இடம் அதிகம்.

அளவுகோல், அனுமதி, எண்ணிக்கை

பராமரிப்பாளரின் சுமையை அளக்கப் பரவலாகப் பயன்படுவது ஸ்டீவன் ஜாரிட் உருவாக்கிய அளவுகோல். 1980-இல் 29 கேள்விகளோடு வந்தது. இப்போது புழக்கத்தில் உள்ளது 22 கேள்வி கொண்ட வடிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. இணையத்தில் பிடிஎஃப் கிடைக்கிறதே என்று எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. பதிப்புரிமை உண்டு, இத்தகைய அளவுகோல்களுக்கு உரிமம் வழங்கும் மாப்பி ரிசர்ச் டிரஸ்ட் வழியாக அனுமதி கேட்க வேண்டும். தமிழாக்கம் ஏற்கெனவே இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிட்டால் இரட்டை வேலை மிச்சம்.

எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி கைக்கு வரும்வரை ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டக் கூடாது. முடிந்த ஆய்வுக்குப் பின்தேதியிட்டு அனுமதி தரமாட்டார்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டி நெறிகளின்படி, படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் படிவத்தில் கைரேகை வைக்கும்போது படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். அவர் உங்கள் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. துணைக்கு வந்த சக மாணவரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

எத்தனை பேர் தேவை? விகிதம் கணிக்கும் ஆய்வென்றால் (95 சதவீத நம்பகத்துக்கு 1.96, விகிதம் முன்கூட்டித் தெரியாதபோது 0.5, பிழை வரம்பு 0.05): 1.96 × 1.96 × 0.5 × 0.5 ÷ (0.05 × 0.05) = 384.16, அதாவது 385 பேர். பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 385-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 428. பலர் 1.1-ஆல் பெருக்கி 424 என்று எழுதுகிறார்கள். 424 பேரில் பத்து சதவீதம் போனால் 385 மிஞ்சாது. தனித்தனி ஆட்களாக இல்லாமல் ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால் டிசைன் எஃபெக்ட் என்ற, அந்த ஒற்றுமையை ஈடுகட்டும் எண்ணாலும் பெருக்க வேண்டும். அதை 1.5 என்று கொண்டால் தேவை 642 பேர்.

கேள்வியின் தமிழ்

வழக்கமான முறை இதுதான்: இருவர் தனித்தனியாகத் தமிழாக்குவது, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவது, மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவது, பிறகு 30, 40 பேரிடம் கேட்டுப் பார்ப்பது. இதில் மறுமொழிபெயர்ப்பை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்த பாடநூல் தமிழ்தான் மூலத்துக்கு மிகச் சரியாகத் திரும்பும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு அது புரியாது. கடைசிப் படிதான் முக்கியம். கேள்வியைப் படித்துக் காட்டிவிட்டு, “இதை உங்க பேச்சுல சொல்லுங்கம்மா” என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கே இடறும் என்று பார்ப்போம். “சுமை” என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். “உங்கள் தாயாரைச் சுமையாகக் கருதுகிறீர்களா?” என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், பெற்ற தாயைச் சுமை என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அந்தப் பதில் ஊர் வழக்கத்தைக் காட்டுமே தவிர அவர் நிலைமையைக் காட்டாது. நீங்களே சேர்க்கும் கேள்விகளில் ஆளை விட்டுவிட்டு வேலையைக் கேளுங்கள்: “போன வாரம் ராத்திரி எத்தனை நாள் எழுந்திருக்க வேண்டியிருந்தது?” அனுமதி பெற்ற அளவுகோலின் வாசகத்தை மட்டும் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள்.

அடுத்தது எதிர்மறை. “நேரம் போதவில்லை என்று தோன்றுவதில்லையா?” என்ற கேள்விக்கு ஒருவர் “ஆமாம்” என்றால் போதுகிறதா, போதவில்லையா? பதிவு செய்பவர் ஆளுக்கொரு மாதிரி குறிப்பார்.

பதில்களிலும் சிக்கல் உண்டு. “அரிதாக” என்பது அச்சில் மட்டும் வாழும் சொல். “எப்பவாவது”, “சில சமயம்” இரண்டையும் பலர் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து அட்டைகளில் ஐந்து டம்ளர் வரைந்து, காலி டம்ளரில் தொடங்கி நிரம்பிய டம்ளர் வரை காட்டினால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும்.

வயது கேட்டால் 60, 65, 70 என்று வந்து குவியும். ஆதாரில் பலருக்குப் பிறந்த தேதி ஜனவரி 1 என்றிருப்பதால் அதுவும் முழுத் துணை ஆகாது. “1964 தனுஷ்கோடி புயல் அடிச்சப்போ பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தீங்களா?”, “எம்ஜிஆர் செத்தப்போ (1987) மூத்த பிள்ளைக்கு என்ன வயசு?” என்று சேர்த்துக் கேட்டு நெருங்குங்கள். பொருளாதார நிலைக்குக் குப்புசாமி அளவுகோல் நகரக் குடும்பங்களுக்கானது. கிராமத்தில் அதைப் போட்டால் தேர்வாளர் முதல் கேள்வியே அங்கிருந்துதான் கேட்பார். தலா வருமானத்தை வைத்துப் பிரிக்கும் பி.ஜி. பிரசாத் வகைப்பாடு இரண்டு இடத்துக்கும் பொருந்தும். எதை எடுத்தாலும் வருமான வரம்புகளை ஆய்வு நடக்கும் மாதத்தின் விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்பத் திருத்த வேண்டும்.

வீட்டில்

பார்த்துக்கொள்ளப்படும் பெரியவர் காதில் விழும் தூரத்தில் பேட்டி எடுக்காதீர்கள். கொல்லைப்புறமோ மொட்டை மாடியோ, இடம் மாறினால் பதிலும் மாறும். காலை வேலைகள் ஓய்ந்து மதியச் சமையலுக்கு முன் கிடைக்கும் இடைவெளியில் போங்கள். அழுதால் கேள்வியை நிறுத்துங்கள். தொடர்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416, முதியோர் உதவி எண் 14567 இரண்டையும் அச்சிட்ட சீட்டை எல்லாருக்குமே கொடுத்துவிட்டு வாருங்கள். அழுதவருக்கு மட்டும் கொடுத்தால் வீட்டில் கேள்வி வரும்.

படிவமும் கோப்பும்

பதில்களைப் போனிலேயே பதிய கோபோ டூல்பாக்ஸ் என்ற கருவி போதும். சிக்னல் இல்லாத ஊரிலும் போனில் பதிவாகும், தமிழிலேயே கேள்வி போடலாம். எல்லாக் கேள்வியையும் கட்டாயம் என்று வைத்துவிடாதீர்கள். பதில் கிடைக்காதபோது பதிவாளர் எதையாவது தட்டிவிட்டு நகர்வார். “சொல்ல விரும்பவில்லை” என்று ஒரு வழி இருக்கட்டும். தொடங்கிய நேரம், முடித்த நேரம் தானாகப் பதிவாகட்டும். நீண்ட பேட்டி ஏழெட்டு நிமிடத்தில் முடிந்திருந்தாலும் 22 கேள்விக்கும் ஒரே எண் விழுந்திருந்தாலும் மறுநாளே விசாரியுங்கள். ஜிபிஎஸ் வேண்டவே வேண்டாம். ஐந்து மீட்டர் துல்லியத்தில் அது வீட்டையே காட்டிக்கொடுக்கும்.

இறக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த தரவுக்கோப்பு) எக்செல்லில் நேராகத் திறந்தால் தமிழ் எழுத்து குப்பையாகத் தெரியலாம். அந்த நிலையில் சேமித்தீர்களென்றால் மீட்பது கடினம். டேட்டா பகுதி வழியாக இறக்குமதி செய்து, குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். 007 என்ற அடையாள எண் 7 ஆகாதிருக்க அந்த நெடுவரிசையை எழுத்து வகையாகக் குறியுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. “கொள்ளிடம்” என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கணினிக்கு அவை இரண்டு ஊர். அட்டவணையில் ஒரே ஊர் இரண்டு வரியில் வந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள். பைத்தானிலும் ஆர் மொழியிலும் என்எஃப்சி வடிவத்துக்கு (தனித்தனிக் குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றும் கட்டளை உண்டு. ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கச் செய்திருந்தால் இந்த வேலையே வராது.

பெயரும் போன் எண்ணும் உள்ள சாவிக் கோப்பைத் தரவோடு ஒரே ஃபோல்டரில் வைக்காதீர்கள். கடவுச்சொல் போட்டுத் தனியே வையுங்கள். விடுபட்ட பதிலுக்கு 99 என்று குறியிட்டிருந்தால் கூட்டும் முன் அதை வெற்றிடமாக்குங்கள். ஒருவருக்கு 34 வந்து, ஒரு கேள்விக்கு 99 இருந்தால் மொத்தம் 133 ஆகிவிடும். ஆகவே மொத்தத்தைக் கணக்கிட்டதும் அதிகபட்ச மதிப்பைப் பாருங்கள்: 88-ஐத் தாண்டிய எண் ஒன்று இருந்தாலும் சராசரியை எழுதாமல் கோப்புக்குத் திரும்புங்கள்.