கேலபாஷ் கடல் உணவு பஃபே: முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவில், வட கரோலினா மாகாணத்தின் தென்கோடியில், தென் கரோலினா எல்லையை ஒட்டி, கேலபாஷ் என்று ஒரு சின்ன மீனவ ஊர் இருக்கிறது. 1940களிலேயே இங்கே மீன் பொரித்துப் போடும் கடைகள் வந்துவிட்டன. மீனையும் இறாலையும் பாலில் நனைத்து, மக்காச்சோள மாவிலோ மைதாவிலோ லேசாகப் புரட்டி, சட்டென்று பொரித்தெடுப்பது இந்த ஊர்க் கைப்பக்குவம். பக்கத்துக் கடற்கரை ஊரான மர்டில் பீச்சிலும் பஃபே கடைப் பலகைகளில் 'கேலபாஷ்' என்ற பெயர்தான் பெரிதாகத் தெரியும்.

கடற்கரைக்குப் போகும் நம்மவர்கள் பலர் இந்தக் கடைகளைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகிறார்கள். உள்ளே என்ன இருக்கும், எப்படி எடுப்பது என்ற தயக்கம்தான். மீன்குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இதைத் தவறவிடுவதற்கு எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நேரம் பார்த்துப் போங்கள்

சின்ன ஊர், சீக்கிரம் மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் சில கடைகள் வாரக் கடைசியில் மட்டும்தான் திறக்கும். போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. கூட்டமில்லாத நேரமாகப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கூட்டம் இருந்தால்தான் ட்ரே வேகமாகக் காலியாகும், சுடச்சுட அடுத்தது வரும். ஞாயிறு மதியம் சர்ச் முடிந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டும், ஆனால் சாப்பாடு அன்றைக்குத்தான் அருமையாக இருக்கும். பொரித்து எத்தனை நிமிஷம் ஆச்சு என்பதில்தான் இந்தச் சாப்பாட்டின் ருசியே இருக்கிறது.

படி 2: விலையை வாசலிலேயே கேளுங்கள்

பல கடைகளில் நண்டுக்கால் சேர்த்து ஒரு விலை, சேர்க்காமல் ஒரு விலை. அந்த நீளமான நண்டுக்கால் இந்தக் கடலில் பிடித்ததல்ல. ஸ்நோ கிராப் என்ற அந்த நண்டு அலாஸ்கா, கனடா பக்கத்துக் குளிர்ந்த கடல்களில் பிடிபட்டு, வெந்து உறைந்த நிலையில் இங்கே வருகிறது. 2022இல் அந்த நண்டு மிகவும் குறைந்துபோனதால், அலாஸ்காவின் பெரிங் கடலில் அந்தப் பருவத்துப் பிடிப்பையே முதல்முறையாக நிறுத்திவிட்டார்கள். அதற்கு விலை கூட இருப்பதில் ஆச்சரியமில்லை. முதல்முறை போகிறவர்கள் அது இல்லாத விலையிலேயே சாப்பிடலாம் என்பது என் கருத்து. இந்த ஊருக்கே உரிய ருசி பொரித்த மீனில்தான் இருக்கிறது.

குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் பெரும்பாலும் விலை குறைவு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: டீ

உட்கார்ந்ததும் சர்வர் குடிக்க என்ன வேண்டும் என்று கேட்பார். இங்கே டீ என்றாலே ஐஸ் போட்டதுதான். ஸ்வீட் டீ நம் பானகத்தைவிடத் தித்திக்கும். 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்று கேட்டால் இனிப்பானதையும் இனிப்பில்லாததையும் பாதிப் பாதி கலந்து தருவார்கள். சர்வர் உங்களை 'ஹனி', 'ஷுகர்' என்று வாய் நிறையக் கூப்பிட்டால் கூச்சப்படாதீர்கள், தென் மாகாணங்களில் அது சாதாரண அன்பு.

படி 4: தட்டில்லாமல் ஒரு சுற்று

கையில் தட்டு எடுக்காமல் மேசை மேசையாக ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த ட்ரேயில் மாவு மொறுமொறுவென்று நிற்கிறது, எதில் நமத்துப் போயிருக்கிறது என்று கண்ணிலேயே தெரிந்துவிடும். சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு யாராவது புது ட்ரே கொண்டுவந்தால் முதலில் அங்கே போங்கள்.

படி 5: முதல் தட்டு

ஃபிளவுண்டர் இரண்டு துண்டு. நாக்குமீன் மாதிரித் தட்டையான மீன், வெள்ளைச் சதை, முள் தொல்லை குறைவு. கொஞ்சம் பொரித்த இறால். அப்புறம் ஹஷ்பப்பி இரண்டே இரண்டு. மக்காச்சோள மாவில் செய்த குட்டி போண்டா அது. சூடாக இருக்கும்போது கை தானாக அதைத் தேடிப் போகும், வயிறும் அதிலேயே நிறைந்துவிடும், ஜாக்கிரதை.

நம் நாக்குக்குக் காரம் போதாது. மேசையில் டெக்சாஸ் பீட் என்ற மிளகாய் சாஸ் பாட்டில் இருக்கும், தாராளமாகத் தெளித்துக்கொள்ளுங்கள். பெயரில் டெக்சாஸ் இருந்தாலும் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில்தான் அதைத் தயாரிக்கிறார்கள். சிவப்பான காக்டெயில் சாஸில் ஹார்ஸ்ரேடிஷ் கிழங்கு இருப்பதால் கடுகு அரைத்த விழுது போல மூக்கில் ஏறும். இறாலுக்கு அது நல்ல ஜோடி.

அடுத்த நடைக்குப் புதுத் தட்டு எடுங்கள். சாப்பிட்ட தட்டோடு திரும்பப் போகக் கூடாது என்பது சுகாதார விதி. பழைய தட்டை சர்வர் எடுத்துப் போய்விடுவார்.

படி 6: நண்டுக்கால் எடுத்திருந்தால்

என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, நண்டுக்காலைப் பல்லால் கடிக்கப் போனார். அறுபது வயது மதிக்கத்தக்க சர்வர் அம்மா ஒருவர் ஓடிவந்து, பக்கத்தில் குனிந்து நின்று செய்து காட்டினார். மூட்டுக்குச் சற்று மேலே இரண்டு விரலால் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, ஓடு விட்டதும் அவசரப்படாமல் நேராக இழுத்தார். உள்ளே இருக்கும் தட்டையான நரம்பு கூடவே வந்தது, சதை உடையாமல் முழுசாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அம்மா அடுத்ததை அப்படியே செய்ததும் இருவரும் கைதட்டிச் சிரித்தார்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. உருக்கிய வெண்ணெயில் ஒரு நுனியைத் தொட்டுச் சாப்பிட்டால் போதும்.

படி 7: காய்கறிப் பக்கம்

இதை நன்றாகக் கவனியுங்கள். காலர்ட் கீரை, பச்சை பீன்ஸ் இரண்டையும் அமெரிக்கத் தென் மாகாண வழக்கப்படி பன்றி இறைச்சி போட்டு வேகவைப்பார்கள். வெளியே தெரியாது. பன்றி சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டே எடுங்கள். சைவம் என்றால், மீன் பொரித்த எண்ணெயிலேயே மற்றதையும் பொரிப்பது சகஜம் என்பதை நினைவில் வையுங்கள். அதற்குத் தடையில்லாதவர்கள் பொரித்த வெண்டைக்காயைக் கட்டாயம் ருசி பாருங்கள். வெண்டை ஆப்பிரிக்க அடிமைகளோடு இந்த நாட்டுக்கு வந்த காய். தென் மாகாணச் சமையலின் முதுகெலும்பே அவர்கள் கைதான்.

படி 8: பச்சைச் சிப்பி

பச்சையாக வைத்திருக்கும் ஆய்ஸ்டரை, சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்கள் தொடவே வேண்டாம். விப்ரியோ என்ற கிருமி உயிருக்கே ஆபத்தாகலாம், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். பொரித்த ஆய்ஸ்டர் நன்றாக வெந்திருந்தால் கவலையில்லை.

படி 9: இனிப்பு, பில்

பனானா புட்டிங்குக்கு இடம் விடுங்கள். மிச்சத்தைப் பொட்டலம் கட்டித் தர மாட்டார்கள், அதனால் அளவாக எடுங்கள்.

பஃபேதானே, டிப் எதற்கு என்று நினைக்காதீர்கள். டிப் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அது ஏறவே இல்லை, கரோலினாக்களிலும் அதே தொகைதான். டீ ஊற்றி, தட்டு எடுத்து, நண்டு உடைக்கச் சொல்லித்தந்தவருக்கு 15 சதவீதமாவது வையுங்கள். பில் பெரும்பாலும் வாசல் கவுண்டரில் கட்ட வேண்டும். எழுந்திருக்கும் முன்பே டிப் பணத்தை மேசையில், டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போங்கள்.