உங்கட படத்துக்கு ஆர்ட்ஸ் கவுன்சில் கிராண்ட் எடுக்கிறது எப்பிடி (ரொறன்ரோ பக்கம் இருக்கிறவைக்கு)

ஸ்காபரோவிலயும் மார்க்கத்திலயும் குறும்படம், டாக்குமென்டரி எடுக்கிற எங்கட ஆக்கள் கனபேர் இன்னும் கிரெடிட் கார்டிலதான் படம் எடுக்கினம், இல்லாட்டி அண்ணாட்ட மாமாட்ட வாங்கி எடுக்கினம், அந்தக் கடன் முடியாமல் அடுத்த படம் வருசக்கணக்கா இழுபடுது. கலைஞருக்கெண்டே இந்த நாட்டில அரசாங்கக் காசு இருக்குது. அது கடன் இல்லை, திருப்பிக் கட்டத் தேவையில்லை, படத்தின்ர உரிமையும் உங்களிட்டயேதான் இருக்கும். நாங்களும் இந்த நாட்டில ரக்ஸ் கட்டுறம்தானே, எங்கட கதைக்கு அந்தக் காசைக் கேக்கிறதில ஒரு கூச்சமும் வேண்டாம்.

எங்க கேக்கிறது எண்டால், மூண்டு இடம் இருக்கு. ஒட்டாவாவில இருக்கிற கனடா கவுன்சில் ஃபோர் த ஆர்ட்ஸ், 1957இல பார்லிமென்ட் சட்டம் போட்டு உருவாக்கினது, முழு நாட்டுக்கும். ஒன்ராறியோ ஆர்ட்ஸ் கவுன்சில் 1963இல தொடங்கினது, மாகாணத்துக்குள்ள இருக்கிறவைக்கு. மூண்டாவது ரொறன்ரோ ஆர்ட்ஸ் கவுன்சில், அது சிட்டியின்ர காசு, சிட்டி எல்லைக்குள்ள வசிக்கிறவைக்கு மட்டும். இதை வடிவாக் கவனியுங்கோ, ஏனெண்டால் எங்கட சனம் கனபேர் மார்க்கம், ஏஜக்ஸ், பிராம்ப்டன் எண்டு வீடு வாங்கிப் போயிட்டினம், அங்க இருந்துகொண்டு ரொறன்ரோ கவுன்சிலுக்குப் போட ஏலாது, மற்ற ரெண்டும்தான். ஒரே படத்துக்கு ஒண்டுக்கு மேற்பட்ட கவுன்சிலிட்டக் கேக்கலாம், ஆனா எது கிடைச்சிட்டுது, எது இன்னும் முடிவு வரேல்லை எண்டு பட்ஜெட்டில ஒளிக்காமல் காட்டோணும்.

டெலிஃபிலிம் கனடா எண்ட அரசாங்க நிறுவனம் வேற விசயம், அது சினிமா இண்டஸ்ட்ரிக்கான காசு. முதல் முழுநீளப் படம் எடுக்கிறவைக்கு டாலண்ட் டு வாட்ச் எண்டொரு புரோகிராம் அங்க இருக்கு, அந்தக் கட்டத்துக்கு வந்தவை அதைப் பாருங்கோ. ஆர்ட்ஸ் கவுன்சில் பாக்கிறது கலைஞரை. படத்தின்ர கடைசி முடிவு டைரக்டரிட்ட இருக்கோணும், சேனலோ புரொடியூசரோ சொல்லி வெட்டுற படம் எண்டால் அவைக்குச் சரிவராது.

ஆர் போடலாம்? கனடா கவுன்சிலுக்கு சிட்டிசன் இல்லாட்டி பிஆர் வேணும். புரொஃபெஷனல் ஆர்ட்டிஸ்ட் எண்டு ஒரு சொல்லைப் பாத்திட்டுத்தான் கனபேர் பயந்து பக்கத்தை மூடினம். டிகிரி வேணும் எண்டு அதுக்கு அர்த்தம் இல்லை. ஏதோ ஒரு விதமாப் பயிற்சி எடுத்திருக்கோணும் (அது பள்ளிக்கூடத்திலதான் எண்டில்லை), அதே துறையில இருக்கிற மற்றாக்கள் உங்களைக் கலைஞரா ஏற்றுக்கொண்டிருக்கோணும், உங்கட வேலை பொதுவெளியில காட்டுப்பட்டிருக்கோணும். பகல்ல வேற வேலை செய்யிறது ஒரு தடையும் இல்லை. யூடியூபில போட்டது மட்டும் எண்டால் பலம் காணாது, அதால உங்கட குறும்படத்தை முதல்ல ஒழுங்கான செலக்ஷன் உள்ள ரெண்டு மூண்டு ஃபெஸ்டிவலுக்கு அனுப்புங்கோ. படிக்கிற பிள்ளையளுக்கு ஒண்டு: கோர்ஸுக்காக எடுக்கிற படத்துக்குக் காசு குடுக்க மாட்டினம்.

நேரம்தான் கனபேரை விழுத்திறது. கனடா கவுன்சில் போர்ட்டலில அக்கவுண்ட் திறந்து ப்ரொஃபைலை டெட்லைனுக்குக் குறைஞ்சது 30 நாளுக்கு முதல் சமர்ப்பிக்கோணும், அவை அதைப் பாத்து அனுமதிச்சாப் பிறகுதான் அப்ளிகேஷன் போடலாம். டெட்லைன் கிழமை போய்த் திறந்தால் ஒண்டும் செய்யேலாது, அதால இண்டைக்கே ப்ரொஃபைலைப் போடுங்கோ, படம் பற்றி யோசிக்காட்டியும் பரவாயில்லை. ஒன்ராறியோ கவுன்சிலுக்கு நோவா எண்டு வேறொரு சிஸ்டம், அதுக்கும் தனி ப்ரொஃபைல். இன்னொண்டு, ஏற்கெனவே செலவழிச்ச காசைத் திருப்பித் தரமாட்டினம். ஷூட்டிங் முடிஞ்சிட்டுது எண்டால் ஷூட்டிங்குக்குக் கேக்காமல் எடிட்டிங்குக்குக் கேளுங்கோ.

இனி முக்கியமான இடத்துக்கு வாறன். உங்கட அப்ளிகேஷனை வாசிச்சுப் புள்ளி போடுறது உங்களைப் போல படம் எடுக்கிற, உங்களைப் போல கிராண்டுக்கு அலைஞ்ச கலைஞர்கள், அவைதான் ஜூரி. கனடா கவுன்சிலின்ர எக்ஸ்ப்ளோர் அண்ட் கிரியேட் புரோகிராமில 100இல 50 புள்ளி கலைத்தரத்துக்கு, மிச்சம் அந்த வேலையால என்ன விளையும், சொன்னதைச் செய்து முடிப்பியளோ எண்டதுக்கு. எங்கட ஆக்கள் எழுதிற கன அப்ளிகேஷன் எனக்கு வாசிக்கக் கிடைச்சிருக்கு, அதுகளில திரும்பத் திரும்ப ஒரே பிரச்சினைதான். விசயம் எவ்வளவு பெரிசு எண்டு ரெண்டு பக்கம் எழுதுவினம், யுத்தம், இடப்பெயர்வு, அகதி வாழ்க்கை, எல்லாம் உண்மை, எல்லாம் சொல்லப்படவேண்டியது, ஆனா படம் என்னமாதிரி இருக்கும் எண்டு ஒரு வரி இருக்காது. ஜூரிக்கு உங்கட வலி விளங்காமல் இல்லை. அந்த வலியை நீங்கள் ஸ்கிரீனில என்ன செய்யப்போறியள் எண்டுதான் அவைக்குத் தெரியோணும்.

உதாரணத்துக்கு, அப்பா டவுன்டவுனில ஒரு ஆபிஸ் கட்டடத்தில இரவு கிளீனிங் வேலை செய்யிறதைப் படமாக்கப் போறியள் எண்டு வைப்பம். "புலம்பெயர் தமிழரின் உழைப்பையும் தியாகத்தையும் உலகுக்கு எடுத்துச்சொல்லும் ஆவணப்படம்" எண்டு எழுதினால் ஆரும் எழுதலாம். இப்பிடி எழுதிப் பாருங்கோ: 18 நிமிசம். அப்பாவின்ர முகம் கடைசி வரைக்கும் முழுசாத் தெரியாது. கமரா அவர் தள்ளுற வண்டியின்ர உயரத்தில இருக்கும், அவர் துடைக்கிற மேசையில ஆரோ தெரியாதாக்களின்ர குடும்பப் படங்கள். சத்தம் அவர் காதில போட்டுக்கேக்கிற தமிழ் ரேடியோ மட்டும், லிஃப்டுக்குள்ள போகேக்க அது அறுந்து அறுந்து வரும். விடிய முதல் பஸ்ஸில படம் முடியுது. இதை வாசிக்கிற ஆளுக்குப் படம் கண்ணுக்குள்ள ஓடத் தொடங்கிடும். அதுக்குப் பிறகு ஏன் முகத்தை மறைக்கிறியள், ஏன் நீங்கள்தான் இதை எடுக்கவேணும், உங்கட போன படத்தில இருந்து இது எப்பிடி அடுத்த படி எண்டு ஒவ்வொண்டுக்கும் நாலு வரி போதும். இங்கிலீஷ் அலங்காரம் வேண்டாம், இன்னொரு ஃபில்ம் எடுக்கிற ஆளிட்ட கோப்பி குடிச்சுக்கொண்டு சொல்லுறமாதிரி எழுதுங்கோ. தமிழில யோசிச்சுத் தமிழிலயே எழுதி முடிச்சிட்டு, பிறகு ஆரையும் கேட்டு இங்கிலீஷில மாத்தி எழுதினாலும் நல்லா வரும்.

அப்ளிகேஷனோட அனுப்பிற சாம்பிள் வீடியோவை (நீங்கள் முந்தி எடுத்த வேலையில ஒரு துண்டு) எழுத்தை விடக் கூடுதலாக் கவனியுங்கோ, ஏனெண்டால் ஜூரி சில நிமிசம்தான் பாக்கும். டிரெய்லர் போடாதீங்கோ, வேகமா வெட்டின மியூசிக்கில உங்கட டைரக்ஷன் தெரியாது. தொடர்ந்து ஓடுற ஒரு சீன் குடுங்கோ. தமிழ் டயலாக் எண்டால் இங்கிலீஷ் சப்டைட்டில் கட்டாயம், எங்கட ஆக்கள் இதை விட்டிட்டு அனுப்பிறதைப் பாக்க உண்மையா மனம் நோகும். லிங்க் பாஸ்வேர்டோட வேற ஒரு கம்பியூட்டரில திறக்குதோ எண்டு பாத்திட்டு அனுப்புங்கோ.

பட்ஜெட். கனடா கவுன்சிலின்ர எக்ஸ்ப்ளோர் அண்ட் கிரியேட்டுக்குள்ள ரிசர்ச் அண்ட் கிரியேஷன் எண்ட பகுதியில (தொடக்க வேலைக்கு) 25,000 டொலர் வரைக்கும் கேக்கலாம், கான்செப்ட் டு ரியலைசேஷன் எண்ட பகுதியில (படத்தை எடுத்து முடிக்கிறதுக்கு) அதை விடக் கூட. எவ்வளவு எண்டதை அந்த வருசக் கைட்லைனில பாத்து எழுதுங்கோ, மாறுறது. மேல சொன்ன அப்பா படத்துக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறன்: டைரக்டருக்கு 5,000, கமரா ஆளுக்கு 6 நாள் 400 படி 2,400, சவுண்ட் ஆளுக்கு 6 நாள் 350 படி 2,100, கமரா லைட் வாடகை 2,300, எடிட்டருக்கு 15 நாள் 300 படி 4,500, சவுண்ட் மிக்ஸ் 1,200, கலர் 900, சப்டைட்டில் 600, இன்சூரன்ஸ் சாப்பாடு பெட்ரோல் 1,000. மொத்தம் 20,000. நாள் கணக்கும் ரேட்டும் தெரியோணும், சும்மா "புரொடக்ஷன் 10,000" எண்டு போட்டால் ஒருத்தரும் நம்ப மாட்டினம். முதல் வரியில டைரக்டருக்கு 5,000 எண்டு போட்டிருக்கிறன் பாருங்கோ, அதை எடுக்காதீங்கோ. தனக்குச் சம்பளம் போடக் கூச்சப்பட்டு எங்கட ஆக்கள் அந்த வரியை வெறுமையா விடுவினம், ஜூரிக்கு அது தன்ர வேலையை மதிக்காத ஆள் மாதிரித் தெரியும். நண்பன் கமரா சும்மா தந்தால் அதின்ர பெறுமதியை வரவிலயும் செலவிலயும் ரெண்டு பக்கமும் போடுங்கோ, கடைசியில ரெண்டு பக்கமும் சமனா வரோணும்.

வாடகை விலை தெரியாட்டி ரொறன்ரோவில லிஃப்ட் (LIFT) எண்ட அமைப்புக்குப் போங்கோ, 1981இல சுயாதீனப் பட ஆக்கள் சேர்ந்து தொடங்கின இடம், மெம்பர் ஆனால் குறைஞ்ச விலையில சாமான் எடுக்கலாம், வேர்க்ஷாப் நடக்கும். டிரினிட்டி ஸ்குவேர் வீடியோவும் அப்பிடித்தான். அங்க எடுத்த கொட்டேஷனை வைச்சு பட்ஜெட் போட்டால் கணக்கு உண்மையா இருக்கும், உங்களுக்கு ஆக்களும் அறிமுகமாகும். படத்தில வரப்போறவையின்ர சம்மதக் கடிதத்தையும் எடுத்து வையுங்கோ. கிளீனிங் கட்டடத்துக்குள்ள எடுக்கப்போறியள் எண்டால் அந்த மேனேஜ்மெண்டின்ர அனுமதி இல்லாமல் திட்டம் நடக்குமோ எண்டு ஜூரி கட்டாயம் கேக்கும்.

அனுப்ப முதல் புரோகிராம் ஆபிசருக்கு ஒரு கோல் எடுங்கோ, அவை ஜூரி இல்லை, உதவி செய்யத்தான் இருக்கினம், "என்ர படம் இந்தப் புரோகிராமுக்குப் பொருந்துமோ" எண்டு கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும். ஒன்ராறியோ கவுன்சிலுக்கு முன்னுரிமைக் குழுக்கள் எண்டு இருக்கு, நிறத்தவர் கலைஞர்கள், 18இல இருந்து 30 வயசுக்குள்ள இருக்கிறவை எல்லாம் அதில வருவினம், அந்தக் கேள்வியை நிரப்பாமல் விடாதீங்கோ.

பதில் வர மாதங்கள் எடுக்கும். இல்லை எண்டு வந்தால் ஆபிசரிட்டக் கேட்டு என்ன குறை எண்டு தெரிஞ்சுகொண்டு அடுத்த டெட்லைனுக்குத் திருத்திப் போடுங்கோ, ஜூரி ஆக்கள் மாறுவினம், அதே படம் அடுத்தமுறை கிடைக்கிறது நடக்கிற விசயம். கிடைச்சால் எல்லா ரசீதையும் முதல் நாளில இருந்தே ஒரு ஃபோல்டரில போடுங்கோ, கவுன்சிலின்ர லோகோ படத்தில வரோணும், முடிவில ஃபைனல் ரிப்போர்ட் குடுக்காட்டி அடுத்த கிராண்டுக்குப் போடேலாது. ரக்ஸ் நேரம் டி4ஏ எண்ட ரக்ஸ் சீட்டு வரும், 105ஆவது பெட்டியில தொகை இருக்கும், படத்துக்குச் செலவழிச்சதைக் கழிக்கலாம், அதால அந்த ஃபோல்டரையும் டி4ஏயையும் ஒண்டாக் கொண்டுபோய் கலைஞர் கிராண்ட் பற்றித் தெரிஞ்ச அக்கவுண்டனிட்டக் குடுங்கோ.