தியேட்டரில் காது கிழிகிறதா? செய்ய வேண்டியவை

முதலில் அளந்து பாருங்கள். போனில் சவுண்ட் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, 'ஏ' வெயிட்டிங்கில் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் முறை, ஆப்பில் dBA என்றிருக்கும்) சராசரியைக் கவனியுங்கள். போன் மைக் தோராயம்தான். ஆனாலும் சண்டைக்காட்சியில் ஒரு நொடி 100 தொடுவது வேறு, சராசரியே 94 டெசிபலில் நிற்பது வேறு. 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு நிறுவனமான நியாஷின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-க்கு ஒரு மணி நேரம்தான்.

இடைவேளையில் மேனேஜரிடம் "சவுண்ட் ஜாஸ்தி சார்" என்று மட்டும் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "ஃபேடர் எத்தனையில் இருக்கு?" என்று கேளுங்கள். ஃபேடர் என்றால் சவுண்டைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு. தியேட்டர் ஒலியைக் கையாளும் டால்பி ப்ராசஸரில் 7 என்பதுதான் அளவுகோல். ஒரு எண் குறைத்தால் சுமார் 3.3 டெசிபல் இறங்கும், 7-லிருந்து 5.5-க்கு வந்தால் 5 டெசிபல். ஆனால் 4-க்குக் கீழே ஒரே எண்ணுக்கு 20 டெசிபல் விழும், வசனம் காணாமல் போகும்.

வசனம் புரியாமல் இரைச்சல் மட்டும் அதிகமென்றால், திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கர் பலவீனமாக இருக்கலாம். அதை ஈடுகட்ட மொத்தமாக ஏற்றிவிடுவார்கள். அங்கே தேவை காலிப்ரேஷன், அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அளந்து சரிசெய்வது.

சீட் எடுக்கும்போது சுவரோரத்தையும் கடைசி வரிசையையும் தவிருங்கள். சரவுண்ட் ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருக்கும்.

பஞ்சு உதவாது. ஃபோம் இயர்ப்ளக்கை மெல்லிசாக உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்துச் செருகி, விரியும்வரை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். கைக்குழந்தைக்கு இது வேண்டாம். காதை மூடும் இயர்மஃப்தான்.