காசு கட்டி பங்குச் சந்தை வகுப்புக்குப் போகலாமா?

புதிதாகப் பங்கு வாங்குபவர்கள் இதற்கு அவசரப்பட வேண்டாம். முதல் வகுப்பு இலவசம் என்பார்கள். கடைசி அரை மணி நேரத்தில்தான் 'அடுத்த நிலை' பயிற்சியின் கட்டணம் திரையில் வரும், கூடவே "இன்றே சேர்ந்தால் பாதி விலை". அப்போது எழுந்து வந்துவிடுங்கள். திரையில் காட்டுவது ஜெயித்த வர்த்தகங்களை. தோற்றதை யார் காட்டுவார்கள்? அவர்களுடைய சொந்த வர்த்தகத்தின் தணிக்கை செய்த 3 வருடக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

அடிப்படைகளுக்கு நிறுவனங்களின் ஆண்டறிக்கை போதும், அது இலவசம். லாபம் ஏறியும் செயல்பாட்டுப் பணவரவு (தொழில் நடத்தியதில் உண்மையில் கைக்கு வந்த நிகரப் பணம்) இறங்கியிருக்கிறதா? விற்ற சரக்குக்குக் காசு வந்துசேரவில்லையோ என்று பாருங்கள். ஒரே துறையில் 2 நிறுவனங்களின் அறிக்கைகளை அருகருகே வைத்துப் படித்தால் கண் பழகிவிடும்.

பொறுமை இல்லையென்றால், வகுப்புக்கு ஒதுக்கிய பணத்தை இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டி போன்ற ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும் நிதி) போடலாம். 'இந்தப் பங்கை வாங்கு' என்று டிப்ஸ் தராமல், கணக்கு வாசிக்க மட்டும் சொல்லித்தரும் மலிவான வகுப்பு கிடைத்தால் அது வேறு விஷயம்.