சி.பி.டி. எண்ணெய்: பாட்டிலைத் திறக்கும் முன்

தண்டையார்பேட்டையில் மருந்துக் கடை நடத்தும் என்னிடம் கடந்த சில ஆண்டுகளாக அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "சி.பி.டி. எண்ணெய் இருக்கிறதா?" என்பது. கேட்பவர் பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார். அது கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படுவது என்று அவருக்குத் தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்பகுதித் தாய்மார்களின் முகம் எப்படி மாறும் என்பதும் அவருக்குத் தெரியும். அச்சமும் நம்பிக்கையும் கலந்து வரும் இந்தக் கேள்விக்குக் கல்லாவில் நின்றபடி இரண்டே நிமிடத்தில் விடை சொல்ல முடியாது என்பதால், முதன்முறையாக இதைப் பற்றி யோசிப்பவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர், புடவைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த சிறிய பாட்டில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "முட்டி வலிக்குக் கேக்கும்னு பையன் போன்ல பாத்து வாங்கியாந்தான் தம்பி. இதுல எத்தினி சொட்டு உடணும்?" என்றார். பச்சை நிற லேபிளில் ஏழு விரல் கொண்ட இலையின் படம் பெரிதாக அச்சாகியிருந்தது. பாட்டிலைத் திருப்பி, பின்புறத்தில் எறும்பு வரிசைபோல் இருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். "குளிர்முறையில் பிழிந்த ஹெம்ப் விதை எண்ணெய்" என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. (ஹெம்ப் என்பது போதைப்பொருள் மிகக் குறைந்த கஞ்சாச் செடி வகை.) சி.பி.டி. என்ற எழுத்துகளே எங்கும் இல்லை. ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து அந்தப் பையன் வாங்கியிருந்தது, ஏறத்தாழ ஒரு சமையல் எண்ணெய்.

முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தப் பிரித்தறிதலைத்தான். ஒரே செடியின் பெயரில் மூன்று வகை எண்ணெய்கள் சந்தையில் உலவுகின்றன. முதலாவது, விதையைச் செக்கிலோ இயந்திரத்திலோ பிழிந்து எடுப்பது. இதில் நல்ல கொழுப்பு அமிலங்கள் உண்டு, ஆனால் சி.பி.டி. அநேகமாக இல்லை. ஹெம்ப் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2021இல் அனுமதி அளித்தபோது, அத்தகைய உணவுப் பொருள் ஒரு கிலோவில் 75 மில்லிகிராமுக்கு மேல் சி.பி.டி. இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. அந்தக் கணக்கில் 100 மில்லி பாட்டில் முழுவதையும் குடித்தாலும் ஏறக்குறைய 7 மில்லிகிராம்தான் உடலுக்குள் போகும். சில விளம்பரங்களில் இதைச் "சணல் விதை எண்ணெய்" என்று மொழிபெயர்த்திருப்பார்கள். கோணிப்பை தைக்கும் சணலுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

இரண்டாவது, "விஜயா" என்ற ஆயுர்வேதப் பெயரில், ஆயுஷ் உரிமம் பெற்ற நிறுவனங்கள் கஞ்சாச் செடியின் இலையிலிருந்து வடித்துத் தயாரிக்கும் சாறு. இதில் சி.பி.டி.யோடு, போதை தரும் பொருளான டி.எச்.சி.யும் பல நேரங்களில் சேர்ந்தே இருக்கும். எது எவ்வளவு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மூன்றாவது, சி.பி.டி.யை மட்டும் தனியே பிரித்தெடுத்து, தேங்காய் எண்ணெயிலிருந்து கிடைக்கும் கொழுப்பிலோ வேறு எண்ணெயிலோ கரைத்து வைத்திருப்பது. கடைக்கு வருபவர் மனத்தில் வைத்துக் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதை. கையில் கிடைப்பதோ முதலாவதாகவோ இரண்டாவதாகவோ இருக்கிறது.

கன்னாபிடையோல் என்பதன் சுருக்கமே சி.பி.டி. கஞ்சாச் செடியில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டு வேதிப்பொருட்களில் இது ஒன்று. 1940இல் அமெரிக்க வேதியியலாளர் ரோஜர் ஆடம்ஸ் குழுவினர் இதைப் பிரித்தெடுத்தனர். 1963இல் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலம் குழுவினர் இதன் அமைப்பைத் தெளிவுபடுத்தினர். டி.எச்.சி. மூளையில் உள்ள சி.பி.1 என்ற ஏற்பியைப் பற்றிக்கொண்டு போதையை உண்டாக்குகிறது. சி.பி.டி. அவ்வாறு பற்றுவதில்லை, ஆகவே போதை தருவதில்லை. ஆனால், போதை தராது என்பதனாலேயே தீங்கு செய்யாது என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. பாராசிட்டமாலும்தான் போதை தருவதில்லை. அளவு மீறினால் கல்லீரலை அது என்ன செய்யும் என்பதை மருந்துக் கடைக்காரன் யாரும் அறிவான்.

எந்த நோய்க்கு இது உண்மையில் பயன்படுகிறது என்றால், உறுதியாகச் சொல்லக்கூடியது குழந்தைப் பருவத்தில் தொடங்கும் சில கடுமையான வலிப்பு நோய்களையே. அவற்றில் ஒன்றான டிராவெட் நோய்க்குறி உள்ள 120 குழந்தைகளையும் இளையோரையும் கொண்டு நடத்தி 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சி.பி.டி. பெற்றவர்களுக்கு மாதத்துக்குச் சராசரியாக 12 என்ற கணக்கில் வந்துகொண்டிருந்த வலிப்பு 6 ஆகக் குறைந்தது; ஒப்பிடுவதற்காகச் சி.பி.டி. இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களுக்கு ஏறத்தாழ மாற்றமே இல்லை. இதனையும் இதையொத்த ஆய்வுகளையும் வைத்தே எபிடியோலெக்ஸ் என்ற தூய சி.பி.டி. மருந்துக்கு 2018இல் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. அந்த மருந்தில் சி.பி.டி.யைக் கரைத்து வைத்திருப்பது நம் வீட்டு நல்லெண்ணெயில்தான். எள் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை எடுக்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

பதற்றம், தூக்கமின்மை, மூட்டுவலி ஆகியவற்றுக்குச் சான்று இந்த அளவுக்கு இல்லை. மேடையில் பேச அஞ்சுபவர்களுக்கு ஒரே வேளையாக 300 அல்லது 600 மில்லிகிராம் கொடுத்துச் செய்யப்பட்ட சிறு ஆய்வுகளில் பதற்றம் குறைந்தது உண்மை. ஆனால் கடைகளில் விற்கும் பாட்டிலில் மொத்தமே 1000 மில்லிகிராம்தான் இருக்கும். ஆய்வில் கொடுத்த அளவை எடுத்தால் அது இரண்டு மூன்று வேளைகளிலேயே தீர்ந்துவிடும். வலியைப் பொறுத்தவரை, வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2021இல் சான்றுகளை அலசிவிட்டு, கன்னாபினாய்டுகளைப் பொதுவான வலி மருந்தாகப் பரிந்துரைக்க முடியாது என்று அறிவித்தது. புற்றுநோயை இது குணப்படுத்தும் என்று சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கீமோதெரபியை நிறுத்திவிட்டு எண்ணெயைத் தேடி அலைந்த குடும்பம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாரங்கள் திரும்பக் கிடைக்காத வாரங்கள்.

மீன் விற்கும் அம்மாவிடம் திரும்புகிறேன். "இருங்கம்மா, மொதல்ல ஓ.பி. சீட்டைக் காட்டுங்க" என்றேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பல ஆண்டுகளுக்கு முன் இதய வால்வு மாற்றியிருந்தார்கள். அன்று முதல் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் மாத்திரை எடுத்து வருகிறார். அந்தப் பாட்டிலில் உண்மையான சி.பி.டி. இருந்து, அவர் அதை உள்ளுக்குச் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணியபோது எனக்கு உடல் சில்லிட்டது. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் சிலவற்றைச் சி.பி.டி. தடுக்கிறது. சிதைய வேண்டிய வார்ஃபாரின் சிதையாமல் இரத்தத்தில் தேங்கினால், பல் துலக்கும்போது ஈறில் கசியும் இரத்தத்தில் தொடங்கி, மூளைக்குள் கசிவது வரை போகலாம்.

ஆகவே எண்ணெயை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, நீங்கள் அன்றாடம் எடுக்கும் மருந்துகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுவது. வலிப்புக்கான குளோபசாம் அதில் இருந்தால், உடலில் அது மாறி உண்டாகும் வினைப்பொருள் இரத்தத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு கூடி, பகல் முழுவதும் தூக்கக் கலக்கம் வரலாம். வால்புரோயேட் இருந்தால் கல்லீரல் நொதிகள் உயரும் வாய்ப்பு கூடுகிறது. சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் எடுக்கும் டாக்ரோலிமஸின் அளவும் கூடும். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மயக்கம் பெருகும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இதை நெருங்கவே வேண்டாம். பிள்ளைக்கு வலிப்பு இருக்கிறது என்றால், எண்ணெயை நம்பி ஏற்கெனவே எடுக்கும் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவதால் தொடர்வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதிய தாளோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்; வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று வரையறுப்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளை. நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. இலைச்சாற்று மருந்துகள் ஆயுஷ் உரிமத்தின்கீழ் வருவது இந்த இடைவெளியால்தான். வெளிநாட்டு பாட்டில்களில் உள்ள சி.பி.டி. பெரும்பாலும் பூவிலிருந்து எடுக்கப்படுவது. பர்மா பஜாரில் யாரோ கொடுத்தார்கள், உறவினர் கூரியரில் அனுப்பினார் என்று அதைக் கையில் வைத்திருப்பவர், மருந்து வைத்திருப்பதாகத் தான் நினைத்தாலும், காவல்துறையின் முன் வேறு விதமாக விளக்கம் சொல்ல வேண்டி வரும். ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்கான நச்சுப் பொருள் பட்டியலில் கஞ்சாச் செடியும் இருப்பதால், உள்ளுக்குச் சாப்பிடும் அத்தகைய மருந்தின் லேபிளில் மருத்துவரின் மேற்பார்வையில் எடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம் அச்சாகியிருக்க வேண்டும். பதிவு பெற்ற ஆயுர்வேத அல்லது சித்த மருத்துவரின் சீட்டோடு வாங்கி, அந்தச் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

வாங்கும்போது லேபிளில் தயாரிப்பு உரிம எண், தொகுதி (பேட்ச்) எண், காலாவதி நாள், மொத்த சி.பி.டி. எத்தனை மில்லிகிராம், டி.எச்.சி. எவ்வளவு ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "ஹெம்ப் சாறு 1000" என்று மட்டும் போட்டிருந்தால் அந்த 1000 எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். சாற்றின் எடையும் சி.பி.டி.யின் எடையும் ஒன்றல்ல. அந்தத் தொகுதிக்கான ஆய்வகச் சான்றையும் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் கஞ்சாச் செடி மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தவை 26 மட்டுமே. 18 தயாரிப்புகளில் டி.எச்.சி. இருந்தது. கப்பலிலோ துறைமுகத்திலோ வேலைக்குச் சேரப் போதைப்பொருளுக்கான சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்படும் நம் பிள்ளைகள் இந்த 18 என்ற எண்ணை மறக்கக் கூடாது.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, அளவு அவர் எழுதியபடிதான். ஆனாலும் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 10 மில்லி பாட்டிலில் 1000 மில்லிகிராம் என்றால், 1 மில்லியில் 100. பல லேபிள்களில் 1 மில்லிக்கு 20 சொட்டு, அதாவது சொட்டுக்கு 5 மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள். கடையில் ஒரு நாள் பிற்பகல் கூட்டமில்லாதபோது, அத்தகைய சொட்டுக்குழாய் ஒன்றில் நல்லெண்ணெயை நிரப்பி, சிறு அளவுக் குவளையில் விட்டு எண்ணிப் பார்த்தேன். 1 மில்லி கோட்டை எட்ட 30 சொட்டுக்கு மேல் ஆயிற்று. தண்ணீர்ச் சொட்டைவிட எண்ணெய்ச் சொட்டு சிறியது. எனவே சொட்டை எண்ணாமல், ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் கோடு பார்த்து எடுங்கள். எங்கள் கடையில் அது சில ரூபாய்தான்.

வெறும் வயிற்றில் ஒரு நாள், பிரியாணிக்குப் பிறகு ஒரு நாள் என்று மாற்றி மாற்றி எடுக்காதீர்கள். கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் இரத்தத்தில் சேரும் அளவு நான்கு மடங்கு வரை கூடும். நேரமும் உணவும் தினமும் ஒன்றாகவே இருக்கட்டும். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, மருத்துவர் சொன்னால் மட்டுமே கூட்டுங்கள். நலமாக உள்ள பெரியவர்களுக்கே நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2023இல் அறிவுறுத்தியிருக்கிறது. முதல் சில நாட்கள் வண்டி ஓட்டாதீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கண் அயர்வது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கு, பசியின்மை, களைப்பு ஆகியவை வரலாம். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, மேல் வயிற்றின் வலப்புறம் வலித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எடுத்த நாள், அளவு, தூங்கிய நேரம், வலியின் தன்மை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நான்கு வாரத்தில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை என்றால், அந்த நோட்டைக் காட்டி நிறுத்துவதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

பாட்டிலை வெயில் படாத அலமாரியில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வேலைக்காக வளைகுடா செல்பவர்கள், மருத்துவர் சீட்டு இருந்தாலும்கூட, இதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் சி.பி.டி. கலந்த பொருளை வைத்திருப்பதே குற்றமாகும்.

அந்த அம்மா, விதை எண்ணெய்தான் என்று அறிந்ததும், "அப்ப சட்னிக்குத் தாளிக்கலாமா தம்பி?" என்று கேட்டார். அதிகச் சூட்டில் அந்த எண்ணெய் கெட்டுவிடும், தாளிக்க வேண்டாம், முட்டியில் தடவிக்கொள்வதில் கெடுதல் இல்லை என்றேன். மூட்டுவலிக்கு எலும்பு மருத்துவரிடம் போகும்போது வார்ஃபாரின் எடுப்பதை முதலில் சொல்லும்படி அவருடைய ஓ.பி. சீட்டின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.