நாற்கரத்தின் கோணங்கள்: ஒரு கோடு போட்டால் போதும்

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை. இது தெரிந்தால் போதும், மற்றதை இதிலிருந்தே வரவழைத்துவிடலாம்.

படி 1. தாளில் ஒரு நாற்கரம் வரையுங்கள். சதுரம் வேண்டாம். அதில் எல்லாமே 90 பாகை என்பதால் விதி எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடாது. நான்கு பக்கமும் வெவ்வேறு நீளத்தில், கோணல்மாணலாகவே இருக்கட்டும்.

படி 2. எதிரெதிர் மூலைகளைச் சேர்த்து ஒரு மூலைவிட்டம் போடுங்கள். இப்போது இரண்டு முக்கோணங்கள். நாற்கரத்தின் நான்கு கோணங்களும் மிச்சமில்லாமல் இவற்றுக்குள் அடங்கிவிட்டன. ஆகவே 180 + 180 = 360 பாகை.

இரண்டு மூலைவிட்டங்களையும் போட்டால் நான்கு முக்கோணம், 720 பாகை வருகிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள்: அந்தப் புள்ளியைச் சுற்றி புதிதாக நான்கு கோணங்கள் முளைத்திருக்கின்றன. அவற்றின் கூடுதல் 360. அவை நாற்கரத்துக்குச் சொந்தமில்லை, கழித்துவிடுங்கள். மறுபடியும் 360தான்.

அம்பு முனை போல ஒரு மூலை உள்ளே குழிந்திருந்தாலும் விதி மாறாது. ஆனால் கோட்டை அந்தக் குழிந்த மூலையிலிருந்துதான் போட வேண்டும். மற்ற இரு மூலைகளைச் சேர்த்தால் கோடு உருவத்துக்கு வெளியே போய்விடும்.

படி 3. கணக்குக்கு வருவோம். மூன்று கோணங்கள் 85, 110, 72 என்றால் கூடுதல் 267. நான்காவது 360 − 267 = 93 பாகை.

கோணங்கள் வரிசையாக 1:2:3:4 விகிதத்தில் இருந்தால்? மொத்தம் 10 பங்கு, ஒரு பங்கு 36 பாகை. ஆக 36, 72, 108, 144. இதோடு நிறுத்தாதீர்கள். அடுத்தடுத்த மூலைகளான 72, 108 சேர்ந்து 180. அப்படியென்றால் ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் இணை. உருவம் ஒரு சரிவகம்! படமே கொடுக்காமல் கோணங்கள் உருவத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

படி 4. இணைகரத்தில், அதாவது இரண்டு சோடி எதிர்ப்பக்கங்களும் இணையாக உள்ள நாற்கரத்தில், ஒரு கோணம் தெரிந்தாலே போதும். எதிர்க்கோணம் அதே அளவு, பக்கத்துக் கோணம் 180இலிருந்து மீதி. ஒன்று 65 என்றால் மற்றவை 115, 65, 115. சாய்சதுரமும் இணைகரமே, அதற்கும் இதே கதைதான். வட்டத்துக்குள் நான்கு மூலைகளும் பரிதியைத் தொடும்படி வரைந்த நாற்கரத்தில் மட்டும் கவனம்: அங்கே எதிர்க்கோணங்கள் சேர்ந்து 180.

படி 5. பக்கங்கள் கூடினாலும் உத்தி அதேதான். ஒரே மூலையிலிருந்து மூலைவிட்டங்கள் போட்டால், பக்க எண்ணிக்கையைவிட இரண்டு குறைவாக முக்கோணங்கள் கிடைக்கும். ஐங்கோணத்தில் 3, எனவே 540 பாகை. அறுங்கோணத்தில் 4, எனவே 720. ஒழுங்கு எண்கோணத்தில் (எல்லாப் பக்கங்களும் எல்லாக் கோணங்களும் சமமானது) 6 முக்கோணம், 1080 பாகை. எட்டால் வகுத்தால் ஒரு மூலைக்கு 135.