பிரிஸ்டல் ரேஸுக்குப் போகிறீர்களா? மேல் வரிசையில் உட்காருங்கள்

அமெரிக்காவின் டென்னசியில் உள்ள பிரிஸ்டல் ஓவல் (நீள்வட்ட) டிராக்கில் நாஸ்கார் என்ற கார் ரேஸ் பார்க்க டிக்கெட் எடுப்பவர்கள், கிரிக்கெட் மைதானம் போல முன் வரிசையைத் தேடாதீர்கள். இங்கே மேலே போகப் போகத்தான் காட்சி நன்றாக இருக்கும்.

டிராக்கின் ஒரு சுற்று 0.533 மைல்தான், அதாவது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வளைவுகள் செங்குத்தாகச் சரிந்த கான்கிரீட். கார்கள் ஒரு சுற்றை 15, 16 வினாடிகளில் முடித்துவிடும். கீழே உட்கார்ந்தால் கண்முன் சர்ரென்று போவது மட்டும்தான் தெரியும். டயரிலிருந்து தெறிக்கும் ரப்பர் துணுக்குகள் வேறு மேலே விழும். உயரத்தில் இருந்தால் முழு டிராக்கும் தெரியும். யார் உள்பக்கம் நுழைகிறார், யார் சுவரை ஒட்டி மேலே ஏறி முந்தப் பார்க்கிறார் என்பதெல்லாம் புரியும். ரேஸின் அழகே அதில்தான் இருக்கிறது.

அப்புறம் காது. இதை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். சுற்றிலும் கிண்ணம் போல கேலரி இருப்பதால் சத்தம் உள்ளேயே சுழலும், 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். பெரியவர்களுக்கு நுரை இயர்பிளக் போதும். அதை உருட்டி மெலிதாக்கி, காதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடும் இயர்மஃப்தான் சரி. கார்கள் கிளம்புவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள்.

வாய்ப்பிருந்தால் ஸ்கேனர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். அதில் ஓட்டுநரும் அவர் குழுவும் ரேடியோவில் பேசுவதை நேரடியாகக் கேட்கலாம்.